‘வேற லெவல்’ ஏன் எரிச்சலூட்டுகிறது? சொல் தேய்வு பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஒரு பாட்டு வெளிவருகிறது; ‘வேற லெவல்’ என்கிறார்கள். ஒரு குழந்தை வாலைத் தூக்கிய பூனையொன்றை வரைகிறது. அதுவும் ‘வேற லெவல்’ ஆகிறது. ஒருவர் பேருந்தைப் பிடித்துச் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அது ‘தரமான சம்பவம்’. வந்து சேராவிட்டால் அவரைக் கேலி செய்யும் படம் ‘மரண மாஸ்’. இவற்றைக் கேட்கும்போது நம்மில் பலருக்குள் ஏதோ ஒன்று சுருங்குகிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை, யாரையும் புண்படுத்தவும் இல்லை. ஆனாலும் காது கூசுகிறது. இதே கூச்சம் ‘சுவற்றில் ஒட்டாதீர்’ என்ற அறிவிப்பைப் படிக்கும்போதும், ‘தலைவரை நினைவு கூறினார்’ என்ற செய்தியைப் படிக்கும்போதும் வருகிறது. இரண்டையும் ‘தமிழ் கெட்டுவிட்டது’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவது நம் வழக்கம். ஆனால் மொழியியல் கண்கொண்டு பார்த்தால் இவை ஒரே நோயின் இரு அறிகுறிகள் அல்ல. வெவ்வேறு காரணங்களால் நிகழும் வெவ்வேறு மாற்றங்கள். இவற்றைப் பிரித்துப் பார்க்க உதவும் முதன்மையான கருத்தைச் ‘சொல் தேய்வு’ என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

சொல் தேய்வு என்பது ஒரு சொல் அடிக்கடி, அதுவும் பொருந்தாத சிறிய இடங்களிலெல்லாம், பயன்படுத்தப்படுவதால் அதன் பொருளின் வலிமை மெல்ல மெல்லக் குறைந்து போவது. மொழியியலார் இதைத் துணி வெளுத்துப்போவதோடு ஒப்பிடுவார்கள். துணி கிழியவில்லை, உடுத்தவும் முடிகிறது, ஆனால் சாயம் போய்விட்டது. மிகுதியைக் குறிக்கும் சொற்கள்தாம் இந்த வெளுப்புக்கு முதலில் ஆளாகின்றன. ஏனென்றால் அவற்றின் வேலையே வியப்பூட்டுவது. ஒரே வியப்பை நூறு முறை ஊட்ட முடியாது.

இது இணையம் கொண்டுவந்த கேடு என்று நினைப்பவர்களுக்கு நன்னூலின் உரியியலில் உள்ள ஒரு சிறு வரியைக் காட்டலாம். மிகுதிப் பொருளைத் தரும் சொற்கள் என்று சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆகிய ஆறையும் அது அடுக்குகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொல்காப்பியம் உறு, தவ, நனி ஆகிய மூன்றையும் ஒரு நூற்பாவிலும், கூர்ப்பு, கழிவு ஆகியவற்றை இன்னொரு நூற்பாவிலும் பேசியிருக்கிறது. இந்த ஆறில் எத்தனையை இன்று வாய் திறந்து சொல்கிறோம்? ‘நனி சூடாக இருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘தவ’ முழுவதுமாகப் போய்விட்டது. ‘சால’ என்பது ‘சாலச் சிறந்தது’ என்ற ஒரு தொடருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘உறு’ என்பதைத் திருக்குறளின் ‘உறுபசி’யில் உரையின் துணையோடுதான் பார்க்கிறோம். ‘கழி’ என்பது ‘கழிபேருவகை’ என்று மேடையில் மட்டும் எழுந்து நிற்கிறது. ஒரு காலத்தில் இந்த ஆறும் உயிருள்ள சொற்களாக, அழுத்தம் தேவைப்பட்ட இடத்தில் மக்கள் எடுத்தாண்ட சொற்களாக இருந்திருக்க வேண்டும். அவற்றின் இடத்துக்கு ‘நிரம்ப’ என்பது வந்தது. ஒரு பாத்திரம் விளிம்பு வரை நிறைந்திருப்பதைச் சொல்லும் அழகான உருவகம் அது. நாக்கில் உருண்டு உருண்டு ‘ரொம்ப’ ஆன பிறகு, பாத்திரமும் இல்லை, நிறைவும் இல்லை. ‘ரொம்பக் கொஞ்சம்’ என்றுகூட நாம் தயங்காமல் சொல்கிறோம். நிரம்பியிருப்பது எப்படிக் கொஞ்சமாக இருக்க முடியும் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. சொல் தேய்வு நிறைவடைந்துவிட்டதற்கு அடையாளம் அதுதான்.

‘ரொம்ப’ தேய்ந்துவிட்டதால் புதிய அழுத்தச் சொல் தேவைப்படுகிறது. அதை எங்கிருந்து எடுப்பது? அச்சம், சாவு, வெறி, அழிவு ஆகிய எல்லைக்கோட்டு அனுபவங்களிலிருந்துதான் பல மொழிகளும் எடுக்கின்றன. தமிழில் ‘பயங்கரமாக நடித்தார்’ என்றால் பாராட்டு. ‘தாறுமாறு’, ‘வெறித்தனம்’, ‘மரண’ எல்லாம் அதே வழியில் வந்தவை. ஆங்கிலத்தில் ‘டெரிஃபிக்’ என்பது முன்பு அச்சமூட்டுவதைக் குறித்து, இப்போது சிறப்பானதைக் குறிக்கிறது. ‘வெரி’ என்ற எளிய சொல்கூட, ‘உண்மையான’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து தேய்ந்ததுதான். ‘லிட்டரலி’ என்பதற்கு இன்று நடப்பதும் அதே. ‘எழுத்துக்கு எழுத்து உண்மை’ என்று பொருள் தந்த சொல், ‘சிரித்துச் சிரித்து லிட்டரலி செத்தே போனேன்’ என்று உயிரோடிருப்பவர் சொல்லும் சொல்லாகிவிட்டது. உண்மை என்று அழுத்திச் சொல்லும் சொற்களும் வெளுத்துப்போகும் என்பதற்கு ஆங்கிலம் இப்படி இரண்டு சான்றுகளை வைத்திருக்கிறது. முதலாவதை நாம் கவனிப்பதில்லை, இரண்டாவது நம்மை உறுத்துகிறது. வேறுபாடு காலம் மட்டுமே.

தேய்வோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்து நடப்பதுண்டு. சொல்லின் பொருள் உயர்ந்தோ தாழ்ந்தோ போவது. தமிழ் மொழியியல் பாடநூல்கள் இவற்றை உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு என்று குறிப்பிடும். பள்ளியிலேயே நாம் கேள்விப்படும் எடுத்துக்காட்டு ‘நாற்றம்’: பழைய இலக்கியத்தில் அது நறுமணத்தையும் குறித்தது, இன்று மூக்கைப் பிடிக்க வைக்கிறது. ‘களிப்பு’ எதிர்த்திசையில் சென்றது. கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்த சொல், யாரும் முகம் சுளிக்காத மகிழ்ச்சியாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ‘பிரமாதம்’. வடமொழியில் அதற்குக் கவனக்குறைவு, தவறு என்று பொருள். தமிழுக்கு வந்து, மிதமிஞ்சியது என்ற பொருள் வழியே நகர்ந்து, கச்சேரி முடிந்ததும் பெரியவர்கள் தலையை ஆட்டிச் சொல்லும் பாராட்டாகிவிட்டது. மானக்கேட்டைக் குறிக்கும் ‘பங்கம்’ என்ற சொல்லை எடுத்து ‘பங்கமாக இருக்கிறது’ என்று இளைஞர்கள் பாராட்டும்போது, ‘இதெல்லாம் ஒரு தமிழா’ என்று கடிந்துகொள்பவர், அடுத்த மூச்சிலேயே ‘பிரமாதம்’ என்று வேறெதையோ பாராட்டுகிறார். இரண்டும் ஒரே பாதையில் வந்த சொற்கள். ஒன்று முன்னால் கிளம்பியது, அவ்வளவுதான்.

‘அருமை’யையும் இங்கே சேர்க்க வேண்டும். அரிது என்பதிலிருந்து வந்த சொல். எளிதில் கிடைக்காதது, செய்வதற்குக் கடினமானது என்பது அதன் உட்பொருள். இன்று ஒரு நாளில் நாம் மிகத் தாராளமாக வழங்கும் சொற்களில் அதுவும் ஒன்று. அரிய பொருளைக் குறிக்கும் சொல்லே அரிதல்லாமல் போவதைவிடச் சொல் தேய்வுக்குப் பொருத்தமான படம் கிடைக்காது.

அப்படியானால் மாற்றம் பழையது. எரிச்சல் மட்டும் ஏன் இவ்வளவு புதிதாகத் தோன்றுகிறது? இங்கே சொல்லிலிருந்து சற்று விலகிக் கேட்பவரின் மனத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

‘கதவு’ என்ற சொல்லை நிறுத்தாமல் முப்பது முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பத்தாவது முறைக்குள் கதவு என்ற பொருள் நழுவத் தொடங்கும். இருபதாவது முறையில் அது வெறும் ஒலியாக, ஏதோ அயல்மொழிச் சொல்லாக மாறிவிடும். உளவியலில் இதற்குப் ‘பொருள் தெவிட்டல்’ என்று பொருள்படும் பெயர் உண்டு. லியான் ஜேக்கபோவிட்ஸ் ஜேம்ஸ் 1962ஆம் ஆண்டு மெக்கில் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் அந்தப் பெயரை முன்வைத்தார். சொல் தேய்வு ஒரு சமூகத்தின் வாயில் பல ஆண்டுகளாக நடப்பது. பொருள் தெவிட்டல் ஒரு மனிதரின் தலைக்குள் சில நொடிகளில் நடப்பது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கையில் எந்நேரமும் ஒரு திரையை வைத்துக்கொண்டு, ஒரே காட்சியின் ஒரே வசனத்தை ஐம்பது பேர் வாயசைத்து நடிப்பதை ஒரே மாலையில் பார்த்து முடிக்கும் இக்காலத்தில், முதலாவதன் அனுபவம் இரண்டாவதன் வேகத்தை நெருங்கிவிட்டது. ஒரு வசனம் திரையரங்கில் கைத்தட்டல் வாங்கியது, பிறகு விளம்பரத்தில் வந்தது, அரசியல் மேடையில் ஒலித்தது, அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார் என்றால், அந்தக் கடைசிக் கட்டத்தில் நமக்கு வருவது மொழியுணர்வு சார்ந்த கோபம் அல்ல, தெவிட்டல்தான். (மேலாளர் சொன்ன பிறகு எந்தச் சொல்லும் இளைஞர்களிடம் நீடிப்பதில்லை என்பது என் சொந்த அவதானிப்பு, இதற்கு ஆய்வுச் சான்று கேட்காதீர்கள்.)

அடுத்தது, நம் கவனம் நம்மை ஏமாற்றும் விதம். ஒரு சொல் ஒருமுறை உறுத்திவிட்டால், அதன்பின் அது எங்கும் இருப்பதாகத் தோன்றும். அதற்கு முன்பும் அது அங்கேதான் இருந்தது, நாம் கணக்கெடுக்கவில்லை. மொழியியலாளர் ஆர்னால்டு ஸ்விக்கி 2005ஆம் ஆண்டு இதற்கு ‘அடிக்கடித் தோற்ற மயக்கம்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு பெயரைச் சூட்டினார். அதே ஆண்டில் அவர் பெயரிட்ட இன்னொரு மயக்கம் நம் விவாதத்துக்கு அதைவிடப் பயனுள்ளது: நாம் அண்மையில் கவனித்த ஒரு வழக்கு அண்மையில்தான் தோன்றியது என்று நம்பிவிடுவது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் இப்படிப் பேசுகிறார்கள்’ என்ற வாக்கியத்தின் பின்னால் பெரும்பாலும் இந்த இரண்டாவது மயக்கம் ஒளிந்திருக்கும்.

எடுத்துக்காட்டாக, ‘ஏடிஎம் மெஷின்’ என்று யாராவது சொன்னால் சிலருக்குப் பொறுக்காது. அந்தச் சுருக்கத்தின் கடைசி எழுத்தே மெஷினைத்தான் குறிக்கிறது, பிறகு எதற்கு இன்னொரு மெஷின் என்பார்கள். ‘நடு சென்டர்’ என்பதும் அப்படியே. தமிழும் ஆங்கிலமும் ஒரே பொருளோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் நம் பழைய இலக்கணம் ‘ஒருபொருட்பன்மொழி’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறது. ‘மீமிசை’ என்பதில் மீ என்றாலும் மேல், மிசை என்றாலும் மேல். ‘உயர்ந்தோங்கு மலை’யில் உயர்தலும் ஓங்குதலும் ஒன்றே. அவை சிறப்புக் கருதி வந்தவை என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. ‘நடு சென்டரில்’ என்று சொல்பவரும், மையத்துக்கும் மையத்தில் என்று அழுத்தத்தான் அப்படிச் சொல்கிறார். ஏடிஎம் மெஷினில் அந்த அழுத்தம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே நடப்பது வேறு. சுருக்கத்தின் விரிவு மறந்து, அது ஒரு தனிப் பெயராகிவிட்டது. மறந்துபோன பொருளை மறுபடி சொன்னால் அது கூறியது கூறலா, புதிதாய்ச் சொல்வதா?

அண்மையில் கவனித்ததை அண்மையில் தோன்றியதாக நம்பும் மயக்கத்துக்கு, மரியாதைச் சொற்களின் கதைதான் மிகச் செறிவான மருந்து. ஒருவரைக் குறிக்க ‘அவர் வந்தார்’ என்கிறோம். அப்படிச் சொல்லாத குழந்தையைத் திருத்துகிறோம். ஆனால் ‘அவர்’, ‘வந்தார்’ இரண்டும் அடிப்படையில் பன்மை வடிவங்கள். ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கினால் ஏற்பட்ட உயர்சொல்லே தவிர, இலக்கண முறைப்படி அமைந்தது அன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் தெளிவாகவே சொல்கிறது. அதாவது, இன்று நாம் பண்பாடு என்று கற்பிக்கும் வடிவம், அன்றைய இலக்கண நோக்கில் ஒரு விதிவிலக்கு. அங்கேயும் அது நிற்கவில்லை. ‘அவர்’ ஒருவருக்கே உரியதாகிவிட்டதால் பலரைக் குறிக்க ‘அவர்கள்’ தேவைப்பட்டது. அந்தக் ‘கள்’ விகுதியைத் தொல்காப்பியம் அஃறிணைப் பெயர்களோடுதான் சேர்த்துப் பேசுகிறது. அது உயர்திணைக்கு ஏறி, ஏற்கெனவே பன்மையான சொல்லின் மேல் இன்னொரு பன்மையாக அமர்ந்தது. பிறகு அந்த இரட்டைப் பன்மையும் மரியாதையாகி, ‘தலைவர் அவர்கள்’ என்று ஒருவருக்கே பயன்பட்டது. ‘நீ’யின் பன்மையான ‘நீர்’ ஒருவரை மதித்துச் சொல்லும் சொல்லாகி, அந்த மதிப்பும் தேய்ந்து, இன்று பல வட்டாரங்களில் ‘நீர்’ என்றால் சண்டைக்கு வருகிறார்கள், ‘நீங்கள்’தான் வேண்டும். பணத்தின் மதிப்பு குறையக் குறையத் தாளில் பூச்சியங்கள் கூடுவது போல, மரியாதையின் மதிப்பு குறையக் குறைய விகுதிகள் கூடுகின்றன. ‘லெஜண்ட்’, ‘ஐகான்’ என்று இன்று நடிகர்களின் பெயர்களுக்கு முன்னால் சேரும் அடைகளும் இந்த வரிசையில் வந்தவைதாம்.

இடக்கரடக்கலிலும் இதே ஓட்டம் உண்டு. கழிவறையைக் குறிக்கும் எந்த நாகரிகச் சொல்லும் சில பத்தாண்டுகளில் அந்த அறையின் வாடையை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. உடனே புதிய சொல் ஒன்றைத் தேடுகிறோம். டாய்லெட் போய் பாத்ரூம், அதுவும் போய் ரெஸ்ட்ரூம். இதை நீட்ட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் தேய்வும் பொருள் மாற்றமும். தொடக்கத்தில் குறிப்பிட்ட ‘சுவற்றில்’ இவற்றில் சேராது. அது ‘ஒப்புமையாக்கம்’ என்ற வேறொரு வகை; அதாவது, ஒரு சொல்லை அதைப் போலத் தோன்றும் பிற சொற்களின் அச்சில் வார்ப்பது. ஆறு, ஆற்றில் ஆகிறது, கிணறு, கிணற்றில், வயிறு, வயிற்றில். ‘று’ என முடியும் இச்சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது றகரம் இரட்டிக்கும். ‘சுவர்’ என்பதோ ‘ர்’ என முடிகிறது. எனவே ‘சுவரில்’ என்றுதான் வர வேண்டும். ஆனால் பேச்சில் ‘சுவரு’ என்று ஓர் உகரம் ஒட்டிக்கொள்வதாலும், ரகர றகர வேறுபாடு பலருடைய நாவில் மறைந்துவிட்டதாலும், மனம் அதைக் கிணற்றின் குடும்பத்தில் சேர்த்துவிடுகிறது. ‘சுவறு’ என்று ஒரு வினை தமிழில் உண்டு. வற்றுதல், உறிஞ்சப்படுதல் என்று பொருள். அதை வைத்துக் கேலி செய்வோர் இருக்கிறார்கள். கேலியைவிடக் கவனிக்க வேண்டியது, ‘சுவற்றில்’ என்று எழுதுபவர் விதியைத் தெரியாமல் எழுதவில்லை என்பதே. அவர் விதியை நன்றாகக் கற்றிருக்கிறார். அது செல்லாத இடத்திலும் அதைச் செலுத்துகிறார்.

‘முயற்சிக்கிறேன்’ என்பதும் இப்படித்தான். முயல் என்பது வினை; முயற்சி அதிலிருந்து பிறந்த பெயர். பெயரையே மறுபடி வினையாக்கத் தேவையில்லை, ‘முயல்கிறேன்’ போதும் என்று திருத்துவார்கள்; திருத்தம் சரிதான். ஆனால் சிந்திக்கிறேன், யோசிக்கிறேன், சாதிக்கிறேன் என்று ‘இ’யில் முடியும் வினைகள் ஒரு பெரும் வரிசையாக நிற்கும்போது, ‘முயற்சி’யும் அந்த வரிசையில் போய் நின்றுகொள்கிறது. நான் எழுதும்போது ‘முயல்கிறேன்’ என்றே எழுதுகிறேன். ஆனால் ஒருவர் ‘முயற்சிக்கிறேன்’ என்று சொன்னதற்காக அவர் பேச்சை இடையில் நிறுத்துவது, அவர் என்ன முயல்கிறார் என்பதைக் கேட்காமல் போவதாகும்.

‘அருகாமை’ இன்னும் சுவையானது. அண்மை என்ற பொருளில் எல்லோரும் எழுதுகிறார்கள். வடிவத்தைப் பார்த்தால் அது எதிர்மறை: செய்யாமை, கல்லாமை, அருகாமை. அருகுதல் என்றால் குறைதல் என்றும் பொருள் உண்டு என்பதால், அருகாமை என்பது குறையாமை ஆகும்; நெருங்குதல் என்று கொண்டாலோ நெருங்காமை ஆகிவிடும். ‘பள்ளிக்கு அருகாமையில் வீடு’ என்ற விளம்பரத்தை இலக்கணப்படி படித்தால் வீடு வெகுதூரத்தில் இருக்க வேண்டும். அப்படிப் படித்து யாரும் ஏமாந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மொழியில் பிழை என்பது வடிவத்தைப் பொறுத்து ஒன்றாகவும், புரிதலைப் பொறுத்து இன்னொன்றாகவும் இருக்க முடியும்.

‘நினைவு கூறினார்’ என்பதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். சரியான வடிவம் ‘நினைவுகூர்ந்தார்’. இதை வெறும் ர, ற குழப்பம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அடியில் இருப்பது மேலே பார்த்த அதே தேய்வு. நன்னூல் அடுக்கிய ஆறு மிகுதிச் சொற்களில் ‘கூர்’ ஒன்று அல்லவா? நினைவுகூர்தல் என்றால் நினைவு மிகுதல்; அன்புகூர்தல் என்றால் அன்பு மிகுதல்; களிகூர்தல் என்றால் களிப்பு மிகுதல். மிகுதியைக் குறித்த ‘கூர்’ தனிச்சொல்லாக இறந்துவிட்டதால், இன்று ஒருவர் காதில் ‘கூர்’ என்று விழுந்தால் கத்தி முனைதான் நினைவுக்கு வருகிறது. நினைவுக்கும் கத்திக்கும் தொடர்பில்லாததால், அருகில் உள்ள உயிருள்ள சொல்லான ‘கூறு’ என்பதை மனம் எடுத்துப் பொருத்துகிறது. பொருளிழந்த சொல்லுக்குப் பொருள் தேடிக் கொடுக்கும் முயற்சி இது. மறைந்த தலைவரைப் பற்றி மேடையில் பேசுகிறார்கள், ஆகவே கூறுகிறார்கள். அது ஒரு வகையில் பொருத்தமாகவும் இருக்கிறது. பழைய அழுத்தச் சொல் ஒன்று தேய்ந்த இடத்தில் புதிய பிழை ஒன்று முளைப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சொல் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

எல்லா மாற்றமும் இயல்புதான், எல்லா எரிச்சலும் மயக்கம்தான் என்று இதிலிருந்து முடிவு கட்டினால், அதை நான் ஒப்ப மாட்டேன். பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல்ல என்ற நன்னூல் நூற்பாவைப் பலர் எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டாகக் காட்டுகிறார்கள். கழிவது எது, அதன் இடத்தில் புகுவது எது என்று பார்க்க வேண்டும். ‘வேற லெவல்’ தேய்ந்துபோனால் இழப்பு ஒன்றுமில்லை. மிகுதிச் சொற்களுக்கு எந்த மொழியிலும் பஞ்சம் வந்ததில்லை. ஆனால் ஒரே ஒரு வேலையைச் செய்வதற்காக உருவான சொல் தேய்ந்தால், அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இருப்பதில்லை.

‘கேஸ்லைட்டிங்’ அப்படிப்பட்ட சொல். 1938ஆம் ஆண்டு பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய ஆங்கில நாடகம் ஒன்றிலிருந்து அது பிறந்தது. கதையில் கணவன், மனைவி தன் கண்ணையும் நினைவையும் தானே சந்தேகிக்கும்படி திட்டமிட்டுச் செய்கிறான். வீட்டில் எரிவாயு விளக்கு மங்குவதை அவள் கவனித்தாலும், அவள் மனம் பிறழ்ந்துவிட்டது என்றே நம்பவைக்கப் பார்க்கிறான். ஒருவரின் மெய்ம்மை உணர்வையே தொடர்ந்து குலைக்கும் இக்கொடுமைக்கு அதுவரை பரவலான பெயர் இல்லை. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2022ஆம் ஆண்டுக்குரிய சொல்லாக அதைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அது பரவியது. பரவிய வேகத்திலேயே வெளுக்கவும் தொடங்கியது. இன்று ஒருவர் மாற்றுக் கருத்துச் சொன்னாலே, ஏன், தேதியை மறந்துபோனாலே, ‘என்னை கேஸ்லைட் செய்கிறாய்’ என்கிறார்கள். அப்படியானால் உண்மையாகவே அக்கொடுமைக்கு ஆளாகும் ஒருவர் தன் நிலையைச் சொல்ல எந்தச் சொல்லை எடுப்பார்?

‘ஓசிடி’யும் அவ்வாறே. விரும்பாத எண்ணங்கள் மீண்டும் மீண்டும் புகுந்து வாட்டுவதும், அந்த வாட்டத்தைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பதும், நாளில் கணிசமான நேரத்தை அதிலேயே இழப்பதும் அந்நோயின் இயல்பு. ‘எனக்குப் புத்தகம் நேராக அடுக்கியிருக்க வேண்டும், கொஞ்சம் ஓசிடி’ என்று சிரித்துக்கொண்டே சொல்பவருக்கு இருப்பது ஒழுங்கின் மேல் விருப்பம். அதற்குத் தமிழிலேயே நல்ல சொற்கள் இருக்கின்றன. ‘டிப்ரெஷன்’, ‘ட்ராமா’, ‘டாக்ஸிக்’ எல்லாம் இதே சரிவில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்ததைக் குறிக்கும் சொல்லும், படுக்கையிலிருந்து எழ முடியாத மாதங்களைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகிவிட்டால், இரண்டாமவர் சொல்லும்போது கேட்பவர் முதலாமவரை நினைத்துக்கொள்கிறார். இங்கே வரும் எரிச்சல் மொழித்தூய்மை பற்றியது அன்று, அதை அடக்கிக்கொள்ளவும் தேவையில்லை.

ஆகவே ஒரு சொல் உறுத்தும்போது, அது சரியா தவறா என்று கேட்பதற்கு முன்னால் நான் வேறு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதுண்டு. இது உறுத்துவது பொருள் கெட்டதாலா, அல்லது இன்று இதை ஒன்பதாவது முறையாகக் கேட்பதாலா? ஒன்பதாவது முறை என்பதுதான் காரணம் என்றால் பேசுபவரைத் திருத்துவதைவிடத் திரையை அணைப்பது எளிது. அடுத்து, இந்தச் சொல் போய்விட்டால் அதன் வேலையைச் செய்ய வேறொன்று இருக்கிறதா? கடைசியாக, சற்றுக் கூச்சத்தோடு கேட்க வேண்டிய ஒன்று: எனக்குப் பிடிக்காதது இந்தச் சொல்லா, இதைச் சொல்லும் ஆட்களா? ‘ஆக்சுவலி’ என்று வாக்கியத்தைத் தொடங்குபவர் மேல் வரும் எரிச்சல், ‘அது வந்து’ என்று தொடங்குபவர் மேல் நமக்கு வருவதில்லை. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். பேசுபவர் அடுத்த சொல்லைத் தேடிக்கொள்ள ஒரு நொடி வாங்குகிறார்.

இனி ‘வேற லெவல்’ என்ன ஆகும்? தேய்ந்த மிகுதிச் சொற்களுக்கு இதுவரை வாய்த்த கதிகளை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ‘தவ’ போலச் சுவடின்றி மறைவது ஒன்று. ‘கூர்’, ‘கழி’ போலச் சில கூட்டுச்சொற்களுக்குள் உறைந்து, பிற்காலத்தவரைப் பிழை செய்ய வைப்பது இன்னொன்று. ‘ரொம்ப’ போல எந்த நிறமும் இல்லாத, ஆனால் இல்லாமல் பேச முடியாத ஒரு சொல்லாகி நிலைத்துவிடுவது மூன்றாவது. மூன்றாவது நிலையை எட்டிவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது: பாராட்டுக்குச் சிறிதும் இடமில்லாத சொற்களோடு அது சேர்கிறதா என்று கவனிப்பது. ‘செம’ அந்தச் சோதனையில் எப்போதோ தேறிவிட்டது. செம அழகு என்றவர்கள் செம கோபம், செம தலைவலி, செம கூட்டம் என்றும் இயல்பாகச் சொல்கிறார்கள். ‘வேற லெவல் தலைவலி’ என்று இப்போதைக்குச் சிரிப்புக்காகத்தான் சொல்கிறார்கள். சிரிக்காமல் சொல்லும் நாள் வந்தால் அது ‘ரொம்ப’வின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள், அதற்குள் வேறு ஏதோ ஒரு சொல் நம் காதை உறுத்தத் தொடங்கியிருக்கும்.